நெஞ்சிலிருந்த துண்டைப் பற்றி

பெரியம்மா,

உங்கள் சேலைகளுக்குப் பவுடரும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு மணம் உண்டு. இன்று பின்னேரம் அப்பாவின் கிளினிக் கொப்பியைத் தேடி அலுமாரியைத் திறந்தேன். நீங்கள் போய் ஏழு மாதமாகியும் அந்த மணம் அங்கேயே நின்றது. மேல் தட்டில், நீலக்கரைச் சேலையின் மடிப்புக்குள், ஆஸ்பத்திரியில் உங்கள் நெஞ்சைப் படம் பிடித்துப் பதிந்து தந்த சீடி இறுவட்டு கிடந்தது. உறையில் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் பிழையாக எழுதியிருக்கிறார்கள். அதைப் போட்டுப் பார்க்க நம் வீட்டில் ஒரு கருவியும் இல்லை. ஆனாலும் காணி உறுதியைப் பத்திரப்படுத்துவதுபோல அதை வைத்திருந்தீர்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, "இதுக்குள்ளை என்ரை நெஞ்சு கிடக்கு" என்பீர்கள்.

எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் குசினியில் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். வெளிச்சம் அறைப் பக்கம் போகாமல் அரிசி வாளியைத் தடுப்பாக வைத்திருக்கிறேன். அப்பா எழும்பி வந்தால் உயிரியல் படிக்கிறேன் என்று சொல்லலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, பெரியம்மா. நீங்கள் இருந்திருந்தால் உங்கள் பாயில் வந்து படுத்துக் காதுக்குள் சொல்லியிருப்பேன். இப்போது எழுதத்தான் முடியும்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கும் நெஞ்சு நோவு. மாரிக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்கும்போது மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாராம். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உங்களுக்குச் செய்த அதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். நாளைக் காலை பஸ். போகும்போது நிரப்பிக்கொண்டு போகவேண்டிய படிவம் ஒன்று எனக்கு முன்னால் இருக்கிறது. ஆங்கிலப் படிவம் என்பதால் அது என் வேலை. வயது அறுபத்திநான்கு என்று எழுதிவிட்டேன். சலரோகம், அந்த நீரிழிவு, உண்டு என்று எழுதிவிட்டேன். சிறுநீரகத்துக்கு மருந்து எடுக்கிறார் என்றும் எழுதிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் வெறுமையாக இருக்கிறது. உடம்பில் பழைய காயங்களோ உலோகத் துண்டுகளோ உண்டா?

அப்பாவின் இடது தோளுக்குக் கீழே, நெஞ்சுப் பக்கமாக, இரண்டு துண்டுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. இல்லை என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.

உங்களுடைய நோவை முதலில் கண்டுபிடித்தது நான்தான். தர்மபுரம் சந்தியிலிருந்து சைக்கிளில் வரும்போது குளக்கட்டு ஏறுகிற இடத்தில் நீங்கள் இறங்குவீர்கள். சங்கிலி கழன்றுவிட்டது என்று குனிந்து எதையோ சரி செய்வீர்கள். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பீர்கள். அறுபத்தேழு வயதிலும் கச்சான் கடலை மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிறவர் என்ற பெயரை விட உங்களுக்கு மனமில்லை. மூன்றாவது முறை உங்கள் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்களில் கிறீஸ் கறை இல்லை. "சங்கிலி கழண்டா கை இப்பிடியோ இருக்கும்?" என்று கேட்டேன். நீங்கள் கையை இழுத்துக்கொண்டு, "பொலிஸிலை சேர் பிள்ளை, நல்லா வருவாய்" என்றீர்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்தீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நான் பத்தாம் வகுப்பு. அம்மாவுக்குச் சிங்களமும் வராது, ஆங்கிலமும் வராது. அதனால் உங்கள் வாய் நான்தான். தாதி ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் உங்களைக் கேட்டுச் சொன்னேன். பழைய காயம் ஏதாவது உண்டா என்ற கேள்வி வந்ததும் நீங்கள் என் முழங்கையைப் பிடித்தீர்கள். நான் மொழிபெயர்க்க முன்னமே உங்களுக்கு விளங்கிவிட்டது. "இல்லை எண்டு சொல்லு" என்றீர்கள், தாதியைப் பார்த்துச் சிரித்தபடி. உங்கள் மார்பில், எலும்புக்கு உள்பக்கமாக, சண்டையில் வெடித்த செல்லின், எறிகணையின், துண்டு ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். குளிக்க வார்க்கும்போது அந்தத் தழும்பில் என் விரல் பட்டிருக்கிறது. ஆனாலும் ஆங்கிலத்தில், தெளிவாக, இல்லை என்று சொன்னேன். அதைச் சொன்னது என் வாய்.

நம்மிடையே அது பொய்யாகவே எண்ணப்படுவதில்லை. சண்டை முடிந்து எங்களை அடைத்த முகாமில் காயம் பட்டவர்கள் ஒரு பக்கம், படாதவர்கள் ஒரு பக்கம் என்று வரிசை பிரித்த நாளில், சட்டைக்குள் துணியை அடைத்துக்கொண்டு படாதவர்களின் வரிசையில் நின்றவர் நீங்கள். அப்போது நான் அம்மாவின் இடுப்பிலிருந்த குழந்தை. நான் வளர்ந்த பிறகும் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்று கேட்டு எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். இல்லை என்று சொன்னால் கேள்வி அதோடு முடியும். ஓம் என்று சொன்னால் எங்கே, எப்போது, எப்படி என்று நீளும், இயக்கத்தில் நின்று சண்டை பிடித்தாயா என்பதில் போய் முடியும். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் சட்டைக்குள் இரும்பு இருக்கிறது. எல்லா வீடுகளிலும் அதே பதில்தான் இருக்கிறது.

அடுத்த நாள் இரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்க உங்களை உள்ளே கொண்டுபோன சிறிது நேரத்தில் ஒரு தாதி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் உங்களுக்கு விளங்கவில்லை, பயத்தில் மேசையிலிருந்து எழும்பப் பார்க்கிறீர்கள் என்றார். தமிழ் தெரிந்த தாதி அன்று லீவாம். என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைத் துணியால் மூடிய நீங்கள். உங்கள் நரைத்த தலை மட்டும் தெரிந்தது. உங்களுக்கு மேலே பெரிய எக்ஸ்ரே கமரா ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. "பெரியம்மா, நான்தான். மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்றேன். உங்கள் கால்விரல்கள் அசைந்தன. அதற்குப் பிறகு நீங்கள் எழும்பப் பார்க்கவில்லை.

திரையில் உங்கள் நெஞ்சைப் பார்த்தேன். வைத்தியர் குழாய் வழியாக மருந்துச் சாயத்தை விடும்போது கறுப்பு வேர்கள்போல இரத்தக் குழாய்கள் தெரியும். சாயம் ஓடி முடிய எல்லாம் மறையும். ஆனால் ஒன்று மட்டும் மறையவில்லை. நெல்மணியளவில் ஒரு கறுப்புத் துண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது துள்ளியது. அடைப்பு இருந்த இடத்துக்கு மேலேயே அதன் நிழல் விழுந்தது. வைத்தியர் கமராவை இடப்பக்கம் திருப்பிச் சாயம் விட்டார். வலப்பக்கம் திருப்பிச் சாயம் விட்டார். மேலே, கீழே. ஏதோ வெளியில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துணியைக்கூட விலக்கிப் பார்த்தார்கள். என்னவென்று தெரிந்த ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான். நான் பேசாமல் நின்றேன்.

கடைசியில் அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார், இது என்ன என்று.

நான் ஒலிவாங்கியில் தமிழில் சொன்னேன். "பெரியம்மா, அந்தத் துண்டைக் கண்டிட்டினம். என்னெண்டு கேக்கினம்." நீங்கள் அழப்போகிறீர்கள் என்று நினைத்தேன். ஆனால் உங்கள் குரல், சந்தையில் விலை சொல்கிற அதே குரல்.

"செல் துண்டு எண்டு சொல்லு. கன வரியமாக் கிடக்கு எண்டு சொல்லு. எழுதிறதெண்டா என்ரை பேரிலை எழுதச் சொல்லு, உன்ரை பேரை ஒருத்தருக்கும் குடாதை."

முதல் இரண்டையும் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. காயம் எங்கே பட்டது, நீங்கள் யார் என்று வைத்தியர் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு காலமாக என்று கேட்டார், தலையாட்டினார். பிறகு அருகிலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, வேறொரு கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அது உள்ளே போய்ப் பார்க்கிற கருவி. பிள்ளைத்தாய்ச்சிக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கானைப் போல ஒலியால் பார்ப்பது. ஆனால் நூல்போல மெல்லியது, இரத்தக் குழாய்க்குள்ளேயே நுழைந்துவிடும். அதற்குச் சாயமும் தேவையில்லை. சாயம் சிறுநீரகத்துக்குக் கூடாது என்று கண்ணாடி அறையில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எனக்கு மெதுவாகச் சொன்னார். வயதானவர்களின் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் நிழல்தான் தெரியும், குழாயின் உண்மையான அகலம் தெரியாது என்றும் சொன்னார். அகலம் தெரியாமல் ஸ்டென்டை, அந்தச் சின்னக் கம்பி வலைக் குழாயை, வைத்தால் ஒரு பக்கம் ஒட்டாமல் நிற்குமாம். பிறகு அங்கேயே மறுபடி அடைக்குமாம்.

திரையில் வட்டமான ஒரு படம் வந்தது. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டியதுபோல வளையம் வளையமாக. ஒரு பக்கத்தில் பிறை வடிவில் வெள்ளையாக மின்னியது. அதுதான் சுண்ணாம்பு என்றார். எனக்கு நம் வீட்டுக் கேத்தல் நினைவுக்கு வந்தது. நம் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி அதன் அடியில் ஓடுபோல் படிந்திருக்கும் வெள்ளை. நீங்கள் தேசிக்காய்ப் புளி விட்டு உரஞ்சுவீர்களே, அதே.

சின்ன பலூனை ஊதி அந்தச் சுண்ணாம்புப் படிவை வெடிக்க வைத்தார்கள். அப்போது உங்களுக்கு நெஞ்சு இறுகியிருக்கும். "இவன் என்னைக் கொல்லப் போறான், கேள் பிள்ளை" என்றீர்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார் என்றேன். பொறுத்தீர்கள். ஸ்டென்டை வைத்த பிறகு வைத்தியர் மறுபடி அந்த நூல் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளிப்படத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. உள்ளே ஒரு பக்கம் விரியாமல் நின்றது. மறுபடி ஊதினார், மறுபடி உள்ளே பார்த்தார். குழாய்ச் சுவரோடு அது முழுதாக ஒட்டிய பிறகுதான் கையை எடுத்தார். அவர் முகத்தில் அவசரமே இருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் உயிரியல் படிப்பதென்று முடிவெடுத்தேன். அதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை.

வார்ட்டில் நீங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அடுத்த நாள் விடியவே முகம் கழுவி, சேலையை ஒழுங்காகச் சுற்றி, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தீர்கள். வீட்டுக்கு விடும் நாள் அதற்கு அடுத்த நாள். யாரோ வந்து துண்டைப் பற்றிக் கேட்கப் போகிறார்கள் என்று காத்திருந்தீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தீர்கள். தேநீர் கொண்டுவந்தவர் வந்தார், இரத்த அழுத்தம் பார்க்கிறவர் வந்தார், கூட்டுகிறவர் வந்தார். பின்னேரம் வைத்தியர் வந்தார். நெஞ்சைக் குழல் வைத்துக் கேட்டார், மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றார். போகும்போது என்னிடம் மட்டும், துண்டு இருப்பதை முதலே சொல்லியிருந்தால் நல்லது, அவ்வளவு சாயம் விட்டிருக்க மாட்டேன், நேரே உள்ளே பார்த்திருப்பேன் என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

பஸ்ஸில் வவுனியா தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தீர்கள்.

"ஒருத்தரும் கேக்கேல்லை" என்றீர்கள்.

அதற்குப் பிறகு அந்தத் துண்டு வந்த கதையை முதல் தடவையாக எனக்குச் சொன்னீர்கள். கஞ்சி அடுப்பில். பதுங்குகுழிக்குள் எல்லோரும். மண் பறந்து கஞ்சிக்குள் விழப்போகிறது என்று சட்டி மூடியை எடுக்க ஓடினீர்களாம். அம்மா கத்தக் கத்த ஓடினீர்களாம். "மூடியையும் எடுத்தன், அதையும் வாங்கினன். கஞ்சி தப்பிச்சுது" என்றீர்கள். சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். முன் சீற்றில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார். அவரிடமும் சொன்னீர்கள். பதினான்கு வருடம் வாயைத் திறக்காதவர், கிளிநொச்சி வருவதற்குள் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா மட்டும் முகத்தைச் சுளித்தார். "மச்சாள், உங்கடையைச் சொல்லுங்கோ. என்ரையைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் அன்று இரவே.

அதன்பிறகு நீங்கள் குளக்கட்டை இறங்காமலே ஏறினீர்கள். மேலே போய் நின்று, நான் பின்னால் மூச்சு வாங்கி வருவதைப் பார்த்துக் கேலி செய்தீர்கள். இரண்டு போகம் கச்சான் போட்டீர்கள். நீங்கள் எங்களை விட்டுப் போனது நெஞ்சால் இல்லை. சிறுநீரகம்.

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை, பெரியம்மா. உங்கள் சிறுநீரகம் மோசமானதும் கிளினிக் வைத்தியரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், அன்று விட்ட சாயத்தால் வந்ததா என்று. சலரோகம் இருந்தது, அதற்கு முன்னமே சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்றார். அப்படியானால் சாயம் ஒன்றும் செய்யவில்லையா என்று மறுபடி கேட்டேன். கொஞ்சம் கூட்டியிருக்கலாம், கூட்டாமலும் இருந்திருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்த மனிதர் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு இப்போது நன்றியாக இருக்கிறது. இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே என்று அவர்கள் சாயம் விட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் ஒலிவாங்கிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை என்னால் மாற்ற முடியாது.

அப்பாவுக்கும் சிறுநீரகம் மட்டமட்டாகத்தான் இருக்கிறது. துண்டும் நெஞ்சுப் பக்கத்தில்தான். ஒன்றல்ல, இரண்டு.

இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படிவத்தைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். உங்கள் கதையைச் சொன்னேன், சாயத்தைப் பற்றிச் சொன்னேன். பெரியம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்றேன். அப்பா சாப்பிட்ட கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அவா கிழவி, பிள்ளை. கிழவியை விட்டிடுவினம். ஆம்பிளையிலை இரும்பு கிடந்தா வேறை கதை."

"அங்கை வைத்தியர்தானே அப்பா பாக்கிறது."

"பேப்பரிலை ஏறினா அது எங்கையெல்லாம் போகுமெண்டு உனக்குத் தெரியுமோ? நீ இனித்தான் கம்பஸ் படிக்கப் போகவேணும். இல்லை எண்டு எழுது. இல்லாட்டி நான் பஸ் ஏற மாட்டன்."

அம்மா குசினிக் கதவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, அப்பா சொல்வதுபோல எழுதிவிடு, முதலில் ஆளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று கெஞ்சினார். இருவரும் எனக்காகத்தான் பயப்படுகிறார்கள். அது எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். இந்தப் படிவம் எந்தக் கோப்பில் போய் உட்காரும் என்று எனக்கும் தெரியாது. ஒருவரும் வரமாட்டார்கள் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. எனக்குத் தெரிந்தது மேசையில் என்ன நடக்கும் என்பது மட்டும்தான். படம் எடுத்ததும் அந்த இரண்டு துண்டுகளும் திரையில் துள்ளும். நாங்கள் சொன்னாலும் துள்ளும், சொல்லாவிட்டாலும் துள்ளும். சொன்னால் உள்ளே பார்க்கிற கருவியை முதலே ஆயத்தமாக வைப்பார்கள். சொல்லாவிட்டால் அவர்கள் தேடுகிற நேரம் முழுக்க அப்பாவின் உடம்புக்குள் சாயம் போய்க்கொண்டிருக்கும்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் ஓம் என்று எழுதி, படிவத்தை மடித்து என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து, அங்கே போனதும் தாதியின் கையில் நேரே கொடுத்துவிடுவது. அப்பாவிடம் இல்லை என்று எழுதியதாகச் சொல்வது. நல்ல திட்டம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உங்களுக்கு எழுதிக்கொண்டு வரவர அது எனக்குப் பிடிக்காமல் போயிற்று. மேசையில் கிடக்கும்போது, தான் சொல்லாத ஒன்றை அவர்கள் கதைப்பதை அப்பா கேட்டால் என்ன நினைப்பார்? என் குரலை நம்பித்தான் அவர் அங்கே மூச்சைப் பிடிக்கவேண்டும். நீங்கள் பிடித்ததுபோல. ஒளித்து எழுதினால் நானும் இன்னொரு "இல்லை"தான் சொல்கிறேன், இந்தத் தடவை அவரிடம்.

ஆகவே ஒளிக்கப்போவதில்லை. இப்போது எழுதிவிட்டேன், பேனாவால். ஓம். உலோகத் துண்டுகள் இரண்டு, இடது தோளுக்குக் கீழே, பதினாறு வருடமாக. கீழே ஒரு வரி மிச்சம் இருந்தது. அதில், சிறுநீரகம் பலவீனம், தயவுசெய்து சாயத்தைக் குறைத்து உள்ளே போய்ப் பார்க்கவும் என்று எழுதினேன். அப்படி எழுத எனக்கு உரிமை உண்டோ தெரியாது. எழுத்து கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. வாசிக்கலாம்.

காலையில் அப்பா தேத்தண்ணி குடிக்கும்போது அவருக்கு முன்னால் இருந்து இதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசிப்பேன். அவர் கோபிப்பார். எழும்பி வயல் பக்கம் போனாலும் போவார். ஆறரை பஸ் தவறினால் எட்டரைக்கு ஒன்று இருக்கிறது. அதுவும் தவறினால் மத்தியானம் ஒன்று. எல்லாவற்றுக்கும் நான் பையோடு வாசல் படலையில் நிற்பேன். ஏன் நிற்கிறாய் என்று ஊரில் யார் கேட்டாலும், உள்ளதைச் சொல்வேன்.